மாமனார் வாசல்

உள்ளலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் செல்போனில் படங்களைக் கொண்டுவருகிறீர்கள். கடலுக்கு அடியில் இருப்பது போல ஒரு காபிக் கடை, ரயில் பெட்டி மாதிரி ஒரு பிரியாணிக் கடை. "உள்ள நுழைஞ்சா வேற உலகத்துக்குப் போன மாதிரி இருக்கணும் சார், அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்கிறீர்கள். அந்த உலகத்திலிருந்து வெளியே வருவது எப்படி என்று நான் திருப்பிக் கேட்டால் உங்கள் முகம் சுண்டிப்போகிறது. கிழவன் ஆரம்பித்துவிட்டான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு முழுவதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் கேட்கவே வேண்டியிருக்காது.

நான் ஓய்வு பெற்றுவிட்டதாக ஊரில் பேச்சு. வேலையை நாமாக விட்டால் அது ஓய்வு. என் விஷயத்தில் வேலைதான் என்னை விட்டது, ஒரு கதவை முன்னிட்டு.

பைபாஸ் ரோட்டில் புதிதாக எழும்பிய ஓட்டல் அது. முதலாளி அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். மும்பையில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். பெயர் வேண்டாம், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் சொல்லும். திருநெல்வேலியிலேயே உயரமான கட்டடம் தன்னுடையதுதான் என்று சொல்லிக்கொள்வார். யாரும் அளந்து பார்க்கவில்லை. அதன் உச்சி மாடி முழுவதும் ஒரு சாப்பாட்டுக் கூடமும் ஒரு மதுக்கூடமும் வர வேண்டும், ஊரே வாய் பிளக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

முதல் தடவை அந்த மாடிக்குப் போனபோது வெறும் சிமென்ட் தரையும் மேற்கே பெரிய கண்ணாடிச் சுவரும்தான் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொதிகை மலை நீலமாக நின்றது. அதன் அடியிலிருந்து ஆறு வளைந்து வளைந்து வருவதும் இரண்டு கரையிலும் வயல் பச்சையாகக் கிடப்பதும் தெரிந்தன. நாலு நல்ல நாற்காலியையும் கண்ணைக் கூசாத விளக்கையும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் இங்கே நம் வேலை என்று நினைத்தேன். அண்ணாச்சியிடமும் அதையே சொன்னேன்.

அவர் ஏற்கெனவே சென்னையிலிருந்து ஒரு தீம் நிபுணரை வரவழைத்திருந்தார். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், கையில் எப்போதும் ஒரு ஐபேட். "வியூ எல்லாம் பழசு சார். வர்ற கெஸ்ட் தான் ஒரு பில்டிங்ல இருக்கோம்ங்கறதையே மறந்துரணும்" என்றான். அவன் திட்டம் இதுதான். அந்த மாடி முழுவதும் காடு. சாப்பாட்டுக் கூடம் அருவி, மதுக்கூடம் குகை. பாறை, விழுது, பாசி எல்லாம் ஃபைபரில். சில்வண்டுச் சத்தம் ஸ்பீக்கரில். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை இயந்திரம் பனிமூட்டம் விடும். கண்ணாடிச் சுவரைப் பாறை வைத்து அடைத்துவிட வேண்டும். அசல் மலையை மறைத்துவிட்டு உள்ளே ஃபைபரில் ஒரு மலை. இதைக் கேட்டு அண்ணாச்சி பூரித்துப்போனார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

படம் போடுவதும் கட்டி முடிப்பதும் என் பொறுப்பு. என் அலுவலகத்தில் படம் வரைந்தவள் பியூலா, பாளையங்கோட்டைப் பெண். அவளைப்போல ஒரு பிளானைச் சுத்தமாக வரைகிற ஆளை நான் பிறகு பார்க்கவில்லை. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரல் இடம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். தப்பான படத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், "நீங்க போடுங்க சார், நான் போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அவள் வீட்டுக்காரர் சாமுவேலும் எனக்குப் பழக்கம்தான். அரசாங்க வேலை. திருச்சபைப் பாட்டுக் குழுவில் நன்றாகப் பாடுவார், அடுத்து வரும் சபைத் தேர்தலில் நிற்கப்போவதாகப் பேச்சு. அவர்களுக்கு ஜெனி என்று ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் அலுவலகத்துக்கு வந்து, என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு. ஒன்று முன்னால், லிஃப்டை ஒட்டி, சமையலறைக்குப் பக்கத்தில். இன்னொன்று பின்னால், குகைக்குள் போனால்தான் வரும். பியூலா இதைப் பார்த்த உடனேயே பென்சிலைக் கீழே வைத்தாள். "சார், சமையக்கட்டுல தீப் பிடிச்சா முன்படி போச்சு. அருவிப் பக்கம் இருக்கிற பொம்பளையாளும் பிள்ளையளும் எப்படி இறங்குவாக?" என்றாள். இரண்டு கூடத்திலிருந்தும் பின்படிக்குப் போக அகலமான நடை வேண்டும், அதன் மேலே வெளியேறும் வழி என்று பச்சை விளக்கு எரிய வேண்டும். அப்படித்தான் வரைந்தோம்.

அண்ணாச்சி வீட்டு முன்னறையில் அந்தப் படத்தை விரித்தபோது தொடங்கியது சண்டை. பச்சை விளக்கு காட்டைக் கெடுத்துவிடும் என்றான் நிபுணன். காட்டில் பச்சை இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று நான் கேட்டதை அவன் ரசிக்கவில்லை. அண்ணாச்சியின் கவலை வேறு. "குடும்பத்தோட வாறவன் பாருக்குள்ள எட்டிப் பாக்குத மாதிரி நடை வைக்கச் சொல்லுதீரே, உமக்கு மூளை இருக்கா வே?" என்றார். புகையைப் பற்றியும் நெரிசலைப் பற்றியும் சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "நல்ல காரியம் தொடங்கையில தீ, புகைன்னு அபசகுனமாப் பேசாதீரும். வாய் முகூர்த்தம்னு ஒண்ணு இருக்குல்லா."

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஊரில் ஒருவன் குடிப்பது ஒரு விஷயமே இல்லை. குடிக்கும்போது யார் கண்ணிலாவது படுவதுதான் விஷயம். சென்னையில் பக்கத்து மேசைக்காரன் யாரோ. இங்கே அவன் மாமனாராக இருப்பான், இல்லையென்றால் மாமனாருடைய பங்காளியாக இருப்பான். அதனால் இங்கே மதுக்கூடத்துக்கு வருகிற ஆள் நாற்காலி மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, கதவைப் பார்த்து உட்காரலாமா, முதுகு காட்டி உட்காரலாமா என்றுதான் பார்ப்பான்.

எங்கள் சண்டையைத் தீர்த்துவைத்தது ஓட்டல் மேனேஜர். பல வருஷம் மதுக்கூடங்களிலேயே வேலை பார்த்துத் தலை நரைத்த ஆள். ஓரமாக நின்றவர், "அண்ணாச்சி, பின்வாசல் அவசியம் வேணும்" என்றார். "ஒருத்தன் உள்ள உக்காந்து குடிச்சிட்டிருக்கான்னு வைங்க. அவன் மாமனார் லிஃப்ட்டுல வந்து இறங்குதாரு. அவன் எந்த வழியா போவான்? வழி இல்லன்னா அடுத்த வாட்டி வருவானா?" அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "இதைச் சொல்லும் வே! இதை விட்டுட்டுத் தீயாம் புகையாம்" என்று என் தோளில் தட்டினார்.

அத்தனை உயிரைச் சொல்லி வாங்க முடியாத கதவு, ஒரு மாமனாரைச் சொன்னதும் கிடைத்துவிட்டது. அன்றைக்கு எல்லோருமாகச் சேர்ந்து சிரித்தோம். நீங்கள் அந்த மாதிரி சிரிக்கிற நாள் வரும்போது கொஞ்சம் யோசித்துப்பாருங்கள். எதற்காக ஒரு வழியைத் திறந்தார்களோ, அது அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் திறக்கும்.

முடிவாகச் செய்தது இவ்வளவு. குகையின் பின்சுவரில் பாறைபோலவே ஒரு கதவு, தள்ளினால் பின்படி. அருவிக்கும் குகைக்கும் நடுச்சுவரில், ஃபைபர் ஆலமரத் தூருக்குள் இன்னொரு மரக்கதவு. அருவிப் பக்கமிருந்து யார் தள்ளினாலும் திறக்கிற மாதிரி இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி. தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் கிடையாது என்பதைப் பியூலா படத்திலேயே தனியாக எழுதி, அடியில் கோடும் போட்டாள். சோதிக்க வந்த அதிகாரிகள் தள்ளிப் பார்த்தார்கள், திறந்தது, திருப்தியாகப் போனார்கள். விளக்கு மட்டும் அவர்கள் போன மறுநாள் கழற்றப்பட்டது. அதற்கு நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி கொஞ்ச நாள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

திறந்த பிறகு கூட்டம் அலைமோதியது. மேலப்பாளையத்திலிருந்து, தென்காசியிலிருந்து, நாகர்கோவிலிலிருந்துகூடக் குடும்பம் குடும்பமாக அருவியைப் பார்க்க வந்தார்கள். பாபநாசத்தில் அசல் அருவி இலவசமாக விழுந்துகொண்டிருந்தது. குகைக்குள் அந்தப் பாறைக் கதவுக்கு வாடிக்கையாளர்கள் மாமனார் வாசல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்னால் நிற்கிற பையன்கள் லிஃப்டில் வருகிற ஆளைப் பார்த்து உள்ளே சைகை காட்டுவார்கள். சைகை வந்ததும் பாறை திறக்கும், இரண்டு பேர் காணாமல் போவார்கள். ஊரில் இது பெரிய வேடிக்கையாகப் பரவியது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தவர்கள், "மாமனார் வாசல் வச்ச ஆளு இவரு" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார்கள்.

இன்னொரு பழக்கமும் கிளம்பியது. பெண்டாட்டி பிள்ளைகளை அருவியில் உட்காரவைத்து ஆர்டர் கொடுப்பார்கள். "ஒரு போன் பேசிட்டு வாறேன்" என்று எழுந்து, முன்கூடத்தைச் சுற்றிக் குகைக்குள் போய் அவசரமாக இரண்டு ஊற்றிக்கொண்டு, வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றபடி சாப்பாடு வருகிற நேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் குடும்பம். இப்படி வந்தவர்களுக்கு ஆலமரக் கதவு பெரிய தொந்தரவாகிவிட்டது. ஏதாவது ஒரு பிள்ளை விளையாட்டாகக் கம்பியைத் தள்ளிவிட்டால் அப்பாவைப் பார்த்துவிடும்.

ஒருநாள் வேறு வேலையாக அங்கே போனவன் அந்தக் கதவைப் பார்த்தேன். குகைப் பக்கம் ஒரு தாழ்ப்பாள் ஏறியிருந்தது. மேனேஜரைக் கேட்டால், "கஸ்டமர் கேக்காக சார்" என்றார். பையிலிருந்து திருப்புளியை எடுத்து அங்கேயே உட்கார்ந்து கழற்றி, அண்ணாச்சி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த தடவை போனபோது அதைவிடப் பெரிதாக, நல்ல பித்தளையில் ஒன்று போட்டிருந்தார்கள். அண்ணாச்சியிடம் கத்தினேன். அவர் சாந்தமாகவே பதில் சொன்னார். "கட்டிக் குடுத்தாச்சு, உம்ம வேலை முடிஞ்சுது. இது என் வீடு. என் வீட்டுக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போடுதேன். உமக்கு என்ன வே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போக விரும்பவில்லை. என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். அவளோடு வேலை பார்த்த டீச்சர் ஒருவர் பணி ஓய்வு பெறுவதற்காக அருவியில் விருந்து வைத்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் இளைப்பு உண்டு. மறுக்க முடியாமல் போனேன். போன இடத்தில், இரண்டு மேசை தள்ளிப் பியூலா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஜெனி. "வீட்டுக்காரர் வரலையா?" என்றேன். "அவுக போன் பேசப் போயிருக்காக சார்" என்று சொன்னவள், நான் நடுச்சுவரைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பனிமூட்டம் இறங்கியது. எல்லோரும் வழக்கம்போலக் கைதட்டினார்கள். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிப் பிடிக்கப் பார்த்தன, பெற்றவர்கள் படம் எடுத்தார்கள். எனக்கு மூக்கில் ஏதோ உறைத்தது. பனி இயந்திரத்துக்கு வாசனை கிடையாது, இது கருகின எண்ணெய். சமையலறைப் புகைக்குழாயில் படிந்த எண்ணெய் பற்றிக்கொண்டிருக்கிறது, கூரைக்கு மேலே உள்ள இடைவெளி வழியாகப் புகை கூடம் முழுக்க ஓடிவருகிறது.

நான் எழுந்து, "எல்லாரும் எந்திரிங்க, இது புகை!" என்று கத்தினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பரிமாறுகிற பையன் ஓடிவந்து, "எஃபெக்ட் சார் அது, உக்காருங்க" என்று என் தோளை அமுக்கினான். ஒருவர் நான் குடித்துவிட்டு வந்திருக்கிறேனா என்று என் மனைவியிடமே கேட்டார். அதற்குள் டீச்சர் இருமத் தொடங்கினார். யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். சில்வண்டுச் சத்தம் நின்றது. அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் உறைத்தது, நாம் ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கிறோம் என்று.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. முன்படியைத் திறந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார்கள், சமையலறைப் புகை படிக்கட்டையும் முன்கூடத்தையும் அடைத்து, குகைக்குச் சுற்றிப் போகிற வழியையும் மூடிவிட்டது. கண்ணாடியை உடைக்கலாம் என்றால் கண்ணாடி எங்கே என்றே தெரியவில்லை, முழுக்கப் பாறை. செல்போன் வெளிச்சத்தில் நான் ஆலமரத்தைத் தேடிப் போனேன். பியூலா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தாள். அருவிப் பக்கம் அந்த இருட்டில் கதவைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் இரண்டு கையாலும் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கதவு அசையவில்லை.

நானும் சேர்ந்து தள்ளினேன். கதவைத் தட்டி, "திறங்க, இங்கன பிள்ளைய இருக்கு!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஆள் இருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது. செருப்புகள் தரையில் தேய்கிற சத்தம். "பைய, பைய, நெருக்காதீங்கலே" என்று ஒரு குரல். "அந்தக் கதவத் திறந்திராதலே, பொம்பளையாளுவ எல்லாம் இங்கன வந்துரும், நாம மொதல்ல இறங்கிருவோம்" என்று இன்னொரு குரல். மாமனார் வாசல் வழியாக அத்தனை பேரும் ஒழுங்காக, சத்தம் போடாமல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பழகின வழியல்லவா.

பியூலா செல்போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். பாவம், அவள் நினைத்தது அவர் அதற்குள் கீழே இறங்கியிருப்பார், ஆள் கூட்டிக்கொண்டு பின்படி வழியாக ஏறி வரட்டும் என்று. அவள் காதில் போனை வைத்த மறு நொடி, கதவுக்கு அந்தப் பக்கம், எங்கள் முகத்துக்கு மிக அருகில், ஒரு சின்னப் பிள்ளையின் குரல் கேட்டது. "யப்பா, போனை எடுப்பா. யப்பா, போனை எடுப்பா." மூன்றாவது தடவை தொடங்கும்போதே அமுக்கப்பட்டது.

ஜெனி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. அத்தனை புகையிலும் அதன் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, அது நான்தான்! அப்பா போன்ல நான் பேசுனது!" என்றது. பியூலா சேலைத் தலைப்பால் பிள்ளையின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினாள். புகைக்காகப் பொத்தினாளா, பேச்சுக்காகப் பொத்தினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தாழ்ப்பாளை யாரும் விலக்கவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் விலகிப் போனது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நானும் பரிமாறுகிற பையன்களும் இரும்பு நாற்காலியால் கதவின் கீல் பக்கம் அடித்தோம். ஃபைபர் மரம்தானே, தூர் பிளந்து கதவு சாய்ந்தது. குகைக்குள் ஓர் ஆளும் இல்லை. மேசைகளில் பாதி குடித்த கண்ணாடித் தம்ளர்கள், வறுத்த முந்திரி. பாறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லோரையும் இறக்கினோம். டீச்சரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கித்தான் இறக்க முடிந்தது. யாரும் சாகவில்லை. டீச்சர் மட்டும் ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். இப்போதும் மூச்சு வாங்காமல் வாசற்படி ஏற அவரால் முடியாது.

கீழே வந்தபோது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் ஒரு கூட்டம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல உடுப்பு, நல்ல செருப்பு, எல்லார் வாயிலும் ஏலக்காய். "மேல யாரும் மாட்டிக்கிட்டாகளோ?" என்று ஒருவர் என்னிடமே விசாரித்தார். அந்தக் குரலை நான் அப்போதுதான் கேட்டிருந்தேன், பைய பைய என்று சொன்ன குரல். கூட்டத்திலிருந்து சாமுவேல் ஓடிவந்து ஜெனியைத் தூக்கினார். "கீழ நின்னு போன் பேசிட்டிருந்தேன். நீங்க எங்க இருக்கீகன்னு தெரியாம உசிரே போயிட்டு" என்று அழுதார். பொய்யழுகை என்று சொல்ல மாட்டேன். எனக்கு அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும்போல இருந்தது.

விசாரணை நடந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தாழ்ப்பாள் போட்டிருந்தது, அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள், திறக்கவில்லை. அண்ணாச்சி தரப்பு சொன்னது வேறு. மதுக்கூடத்தில் அன்றைக்கு ஆளே இல்லை. தாழ்ப்பாள் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை. பனிமூட்டத்தின் ஈரத்தில் மரம் ஊதிக் கதவு இறுகிவிட்டது, கதவைச் செய்தவர் அதை யோசித்திருக்க வேண்டும். உடைந்த கதவைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசியிருந்தது. என்னிடம் வேலை கற்ற தச்சர்கள் செய்தது, அப்பழுக்குச் சொல்ல முடியாது.

குகையில் இருந்த ஒருவராவது வந்து சொல்வார் என்று நினைத்தேன். 'நான் அங்கே இருந்தேன்' என்று யார் சொல்வார்? தாழ்ப்பாளைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் குடிக்கப் போனதைச் சொல்ல வேண்டும். ஆட்களைக் கொன்றுபோட்டிருந்தால்கூட இந்த ஊரில் யாராவது ஒருவன் மனம் தாங்காமல் வந்து சொல்லியிருப்பான். குடித்ததைச் சொல்ல மாட்டான்.

பரிமாறிய பையன்கள் அண்ணாச்சியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். மிச்சம் இருந்தது பியூலா. அந்தக் கதவை வரைந்தவள், அந்தக் கம்பியைத் தள்ளியவள். அவள் சொன்னால் போதும் என்று எனக்கு ஒரு தெம்பு இருந்தது. தப்பான படத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன பெண் அல்லவா. அவள் சாமுவேலோடு வந்தாள். அதிகாரி நல்லபடியாகத்தான் கேட்டார். "அந்தப் பக்கம் யாரும் இருந்தாங்களாம்மா? ஏதாவது சத்தம் கேட்டீங்களா?"

"இல்ல சார்" என்றாள். "யாரும் இல்ல. கதவு இறுகியிருந்துச்சு."

"படம் நீங்க வரைஞ்சதுதானா? அதுல குறை ஏதும் இருந்ததா?"

அவள் மேசையில் விரித்திருந்த படத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "இருந்திருக்கலாம் சார்" என்றாள். சாமுவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். கதவு சரியாக அமைக்கப்படவில்லை என்று முடிவானது. எனக்குப் பெரிய தண்டனை என்று ஒன்றும் இல்லை. வேலை வருவது நின்றது, அவ்வளவே. கதவு வைக்கத் தெரியாத ஆளிடம் யார் வீட்டைக் கொடுப்பார்கள்? அலுவலகத்தைப் பூட்டினேன். அண்ணாச்சி மாடியைச் சரிசெய்து மறுபடி திறந்துவிட்டார். அந்தக் கறுப்புச் சட்டைக்காரனே வந்து இப்போது அதைக் கடற்கரையாக மாற்றியிருக்கிறான். நீங்கள் என்னிடம் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், ஞாபகம் இருக்கும்.

தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். ஜனங்கள் எங்கே உட்காருவார்கள் என்று யோசித்து நாம் கோடு போடுகிறோம். அவர்கள் யாரிடமிருந்து ஒளிய வருகிறார்கள் என்று தெரியாமல் போடுகிற எந்தக் கோடும் நிற்காது. நீங்கள் வைக்கிற கம்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாளாகிவிடும். கடைசியில் உங்கள் படத்தை வரைந்த கையே அது தப்பு என்று சொல்லும்படி ஆகும்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது சாமுவேல் காரை எடுக்கப் போயிருந்தார். பியூலா வேப்ப மரத்தடியில் தனியாக நின்றாள். பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் தானாக அவளிடம் போனது. "ஏன் பியூலா?" என்றேன்.

அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"நீங்க இந்த வேலைய விட்டுட்டுப் போயிரலாம் சார்" என்றாள். "நான் அவுக கூட வீட்டுக்குத்தான போகணும்."

கார் வந்து நின்றது. முன்கதவை அவர் உள்ளிருந்தபடியே திறந்துவிட்டார். அவள் ஏறிக்கொண்டாள்.